மலை ஏற வோக்ஸ், இறங்க மோரிஸ்

பேராக் மாநிலத்துப் பீடோர் கடைத்தெருவில் பழைய காடி (கார்) வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சி. மோரிஸ் மைனர் கட்சிக்கு வோக்ஸ்வேகன் பீட்டில், அதாவது வோக்ஸ், என்றால் வெறும் சத்தம். வோக்ஸ் கட்சிக்கு மோரிஸ் என்றால், தாப்பா தாண்டி மலையில் கால் வைத்ததும் தண்ணீர்ப் போத்தலைத் தேட வைக்கும் காடி. ஞாயிற்றுக்கிழமை பசியாறும் நேரத்தில் இந்தச் சண்டை தொடங்கினால் தே தாரிக் ஆறிப்போகும் வரை ஓயாது. குதிரைத்திறன், வேகம் என்று இரண்டு தரப்பும் எண்களை எடுத்து வீசும். எண்களில் பாதி சரியானவைதான். பக்கம் பக்கமாக வைக்கக் கூடாத எண்களை வைத்துப் பார்க்கிறார்கள், அதுதான் தகராறு.

எனக்குக் கட்சியே கிடையாது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வீட்டில் நிற்பது மாமாவின் 1965 மோரிஸ் மைனர் 1000. ஆனால் எதிர்வீட்டு ஆசிரியர் ஐயாவிடம் 1968 வோக்ஸ் 1300 இருக்கிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் மங்கிவிட்டதால், கேமரன்மலைப் பக்கம் போக ஆசை வந்தால் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். ஆக, ஒரே சடக்கில், ஒரே மாதிரி மழையில் இரண்டையும் ஓட்டிப் பார்க்கும் கொடுப்பினை எனக்கு.

இந்த இரண்டு காடிகளையும் ஆரம்பத்தில் வேண்டாம் என்று சொன்னவர்கள் ஒரே நாட்டு முதலாளிகள். போர் முடிந்த 1945-இல் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க்கில் இருந்த வோக்ஸ் தொழிற்சாலை பிரிட்டிஷ் இராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் என்ற அதிகாரிதான் இடிபாடுகளுக்கு நடுவே உற்பத்தியை மறுபடி ஓட வைத்தார். பிரிட்டிஷ் கார் முதலாளிகள் பார்த்துவிட்டு, இதில் ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அப்புறம் 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனர் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ், பின்னால் மினியை உருவாக்கிய அதே ஆள். கம்பெனியின் தலைவர் நஃபீல்ட் பிரபு, ஓட்டை உடைத்து வெந்நீரில் வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தாராம். அந்த முட்டைதான் பிரிட்டனில் ஒரு மில்லியனைத் தொட்ட முதல் கார். மொத்தம் 1.6 மில்லியன் வரை போனது. வோக்ஸோ 2003-இல் மெக்சிகோவின் பியூப்லாவில் கடைசி காடி இறங்கும்போது 21.5 மில்லியனைத் தாண்டியிருந்தது.

மைனர் பிறந்த அதே 1948-இல்தான், ஜூன் மாதம், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டு, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான மலாயா அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அந்த முள்வேலிக் காலத்தில்தான் எங்கள் தோட்டத்துக்குள் முதல் மோரிஸ் வந்ததாக மாமா சொல்வார். துரைக்கு லேண்ட் ரோவர். மோரிஸ், பெரிய கிராணிக்கும் (தலைமை எழுத்தர்) ஆஸ்பத்திரி டிரெசருக்கும் (மருத்துவ உதவியாளர்). ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்களுக்கு சைக்கிள், அதுவும் எல்லாருக்கும் இல்லை. யாரிடம் எந்தக் காடி என்பதில் இன்ஜினைவிடப் பதவிக்குத்தான் பங்கு அதிகம்.

சரி, எண்களுக்கு வருவோம்.

மாமாவின் காடியில் இருப்பது 1962-இல் வந்த 1098 சிசி இன்ஜின். நிமிடத்துக்கு 5,100 சுற்றில் 48 குதிரைத்திறன். ஆசிரியரின் வோக்ஸ் 1285 சிசி. அதற்கு 50 குதிரைத்திறன் என்று வோக்ஸ் கட்சி அடித்துச் சொல்லும். அந்த 50, அமெரிக்கச் சந்தைக்காக எழுதிய எண். சைலன்சர் போன்ற பாகங்களைக் கழற்றிவிட்டு இன்ஜினை மட்டும் மேசையில் வைத்து அளந்த கணக்கு அது. காடியில் பூட்டிய நிலையில் அளக்கும் ஜெர்மன் கணக்கில் அதே இன்ஜின் 4,000 சுற்றில் 40. மோரிஸின் 48-ஐயும் இந்த ஜெர்மன் 40-க்கு நேராக அப்படியே வைக்க முடியாது, அளக்கும் முறையே வேறு. இன்றைய பெரோடுவா மைவி 1.5 காடிக்கு 103 என்பதை நினைத்தால் இந்தச் சண்டையே சிரிப்பாக இருக்கும். இரண்டு கிழவர்களுமே 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 20 நொடிக்கு மேல் எடுத்துக்கொள்பவர்கள், 120-ஐ ஒட்டி இருவருக்கும் மூச்சு முட்டிவிடும்.

உண்மையில் பார்க்க வேண்டியது இழுவிசை, அதாவது இன்ஜின் தன் தண்டைத் திருப்பும் பலம் (டார்க்). மோரிஸ் 2,500 சுற்றில் 81 நியூட்டன் மீட்டர், வோக்ஸ் 2,000 சுற்றில் 87. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் அது எந்தச் சுற்றில் வருகிறது என்பதில்தான் இரண்டு காடிகளின் குணமும் பிரிகிறது.

மோரிஸ் இன்ஜினின் சிலிண்டர் ஒல்லி, உயரம். விட்டம் 64.6 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 83.7. வோக்ஸ் நேர் எதிர், விட்டம் 77, தூரம் 69. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, டயர் அளவையும் கியர் விகிதத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால், மோரிஸ் இன்ஜின் ஏறக்குறைய 3,450 சுற்றில் ஓடுகிறது. வோக்ஸ் 2,900. அதன் நான்காவது கியர் 0.89, அதாவது கியர்பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு இன்ஜினைவிட வேகமாகச் சுற்றும் ஏற்பாடு. இதோடு அந்த 69 மில்லிமீட்டரையும் சேர்த்துப் பாருங்கள். மோரிஸின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 9.6 மீட்டர் ஓடுகிறது, வோக்ஸின் பிஸ்டன் 6.7 மீட்டர்தான். ஒரே சாலை, ஒரே வேகம், ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவான ஓட்டம். நாளெல்லாம் மிதித்தபடி ஓட்டினாலும் வோக்ஸ் தாங்கும் என்ற பேருக்குப் பின்னால் மந்திரம் எதுவும் இல்லை, இந்தக் கணக்குதான். இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய் ஒடுக்கமாக இருப்பதால் அது மிக வேகமாகச் சுற்ற விரும்பினாலும் முடியாது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இஸ்ஸிகோனிஸ் முதலில் மைனருக்கு வரைந்ததும் வோக்ஸில் இருப்பதுபோல் நான்கு சிலிண்டர் படுத்த இன்ஜின்தான், ஆனால் தண்ணீரில் குளிரும் வகை. செலவு கட்டாது என்று கைவிட்டு, கம்பெனியில் கிடந்த 918 சிசி பழைய இன்ஜினைப் போட்டார்கள். மாமாவின் காடியில் போனட்டைத் திறந்தால் இன்ஜினைச் சுற்றி ஒரு பையன் உட்காரும் அளவுக்கு இடம் இருக்கும். அந்தப் படுத்த இன்ஜினுக்காக விட்ட இடம்தான் அது.

இப்போது மலை. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய பாதை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கீழே கடல் மட்டத்தை ஒட்டிக் கிளம்பி 1,400 மீட்டருக்கு மேல் போக வேண்டும். லாத்தா இஸ்கண்டார் அருவி, ஓராங் அஸ்லி மக்கள் பெத்தாயும் தேனும் விற்கும் குடில்கள், அப்புறம் ரிங்லெட். நேரான சாலை என்று நூறு மீட்டர் சேர்ந்தாற்போல் கிடைப்பது அபூர்வம். ஆயிரம் மீட்டர் ஏறினால் கார்பரேட்டர் இன்ஜினுக்குச் சுமார் பத்து விழுக்காடு பலம் குறையும். தானா ராத்தா போய்ச் சேரும்போது 48 குதிரையில் ஆறேழு கீழேயே நின்றிருக்கும்.

மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் மோரிஸ் 2,150 சுற்றை ஒட்டியும் வோக்ஸ் 1,900 சுற்றை ஒட்டியும் ஓடும். இரண்டுக்குமே அதுதான் இழுவை நன்றாக இருக்கும் இடம். ஆனால் வளைவில் காய்கறி லோரி குறுக்கே வந்து வேகம் 25-க்கு விழுந்துவிட்டால் மோரிஸ் இழுக்கத் திணறும், உடனே இரண்டாவதுக்கு இறங்க வேண்டும். வோக்ஸ் முனகிக்கொண்டே மூன்றாவதில் மீண்டு வரும். முதல் கியர் தேவைப்படும் கொண்டை ஊசி வளைவுகளில் வித்தியாசம் இன்னும் கூர்மை. மோரிஸில் கடைசி வரை முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) வைக்கவே இல்லை. ஓடும் காடியில் முதல் கியர் போட வேண்டுமானால் கிளட்சை மிதித்து, நியூட்ரலில் விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி மிதித்துப் போட வேண்டும். தவறினால் பல்லைக் கடிக்கும் சத்தம் அருவிவரை கேட்கும். வோக்ஸுக்கு 1960-களின் தொடக்கத்திலேயே நான்கு கியருக்கும் சிங்க்ரோ வந்துவிட்டது.

சூட்டைப் பற்றித்தான் அதிகம் புளுகு. தண்ணீரே இல்லாத இன்ஜின் எப்படிக் கொதிக்கும் என்பது வோக்ஸ் கட்சியின் மார்தட்டல். உண்மைதான், ரேடியேட்டர் இல்லை, ஹோஸ் இல்லை, தண்ணீர்ப் பம்ப் இல்லை. பெல்ட்டால் ஓடும் ஒரு காற்றாடி, இரண்டரை லிட்டர் எண்ணெய், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்து வோக்ஸில் எண்ணெய்க் குளிர்விப்பான் காற்றாடிக் கூட்டுக்குள்ளேயே நிற்கும், அது மறைப்பதால் மூன்றாவது சிலிண்டருக்குக் காற்று குறைவு. வால்வு இடைவெளியைச் சரிபார்க்காமல் விட்டால் முதலில் எரிவது அந்த மூன்றாவது சிலிண்டரின் எக்சாஸ்ட் வால்வு. 1971 மாடலில்தான் குளிர்விப்பானைத் தனியாக வெளியே தள்ளி வைத்தார்கள்.

எங்கள் ஊரில் காடி பழுது பார்க்கும் போமேன் அண்ணன் இதைத் தன் பாணியில் சொல்வார்: “மோரிஸ் சூடானா புகை விட்டுக் கத்தும் தம்பி. நீ நிறுத்துவ, ஆற வைப்ப, தண்ணி ஊத்துவ, போயிடுவ. வோக்ஸ் ஒண்ணுமே சொல்லாது. ஒரு நாள் காலைல மூணு சிலிண்டர்ல ஓடும்.”

இரண்டிலும் டேஷ்போர்டில் வெப்பமானி கிடையாது. மோரிஸின் நீராவிதான் அதன் வெப்பமானி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வோக்ஸில் சிவப்பு ஜெனரேட்டர் விளக்கு எரிந்தால் பெல்ட் போயிருக்கலாம், பெல்ட் போனால் காற்றாடியும் போச்சு. அடுத்த பெட்ரோல் நிலையம்வரை போகலாம் என்று எண்ணாமல் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். ஆசிரியர் ஐயா மாற்றுப் பெல்ட் ஒன்றைக் கையுறைப் பெட்டியில் திருநீற்றுப் பொட்டலத்தோடு வைத்திருக்கிறார்.

ஏறும் கதையில் வோக்ஸுக்கு வெற்றி என்று எழுதியாயிற்று. இறங்கும்போது நான் மோரிஸ் பக்கம்.

மோரிஸின் ஸ்டியரிங் ரேக் அண்டு பினியன். 1948-இல் சாதாரண மக்கள் காடிக்கு இது பெரிய விஷயம். சக்கரம் எங்கே இருக்கிறது, சாலை ஈரமா காய்ந்ததா என்று விரல் நுனிக்கே தெரியும். இன்னொரு கதையும் உண்டு: மாதிரிக் காடி ஒல்லியாக இருக்கிறது என்று தோன்றியதால் இஸ்ஸிகோனிஸ் அதை நடுவில் நெடுக அறுத்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். போனட்டின் நடுவில் ஓடும் அந்தத் தட்டைப் பட்டை அதன் அடையாளம். அந்த நான்கு அங்குலம்தான் வளைவில் காடி நிலையாக நிற்பதற்கும் ஒரு காரணம்.

வோக்ஸின் ஸ்டியரிங் புழுவும் உருளையும் கொண்ட பழைய பாணி, நடுவில் கொஞ்சம் தளர்வு இருக்கும். அது பழகிவிடும். பழகக் கூடாதது பின்சக்கர அமைப்பு. ஒவ்வொரு பக்கமும் ஆக்சில் கியர்பெட்டியிலிருந்து ஊஞ்சல்போல் ஆடும். இன்ஜினும் பின்னால்தான் என்பதால் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு அங்கே. இறக்கத்தில் வேகமாக வளைவுக்குள் நுழைந்துவிட்டு, பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் மேலே எழும்பிச் சக்கரங்கள் உள்ளே மடியப் பார்க்கும், வால் வெளியே வீசும். ஈரச் சாலையில் கேட்கவே வேண்டாம். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, உள்ளே போனதும் இலேசாக மிதித்தபடி வெளியே வர வேண்டும். ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரை ஆசிரியர் ஐயா என்னிடம் வேறெதுவும் பேச மாட்டார்: “மொதல்ல கொறை, அப்புறம் வளை.” பள்ளிக்கூடக் குரலிலேயே.

இரண்டிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் இரண்டுமே கையை விரிக்கும், இன்ஜினைக்கொண்டுதான் பிடிக்க வேண்டும். கியர் விகிதம் மோரிஸில் சற்றுக் குறுகல். அதனால் மூன்றாவதில் விட்டால் மோரிஸ் ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும், வோக்ஸுக்கு அடிக்கடி பிரேக்கைத் தொட வேண்டியிருக்கும். மலையில் நேரம் எடுத்துப் பார்க்கும் பைத்தியம் எனக்கு இல்லை. கீழே வந்து இறங்கும்போது எந்தக் காடியில் தோள் வலிக்கவில்லை என்பதுதான் என் அளவுகோல்.

தோட்டத்துச் செம்மண் சடக்கில் கதை மறுபடி திரும்பும். பின்னால் அதிகம் இருப்பதாகக் குறை சொன்னோமே, அந்த எடை இப்போது உதவிக்கு வரும். இழுக்கும் சக்கரத்தின் மேலேயே இன்ஜின் உட்கார்ந்திருப்பதால் மழைநாள் ஏற்றத்தில் வோக்ஸ் பிடித்துக்கொண்டு ஏறும், அடித்தளமும் தட்டையாக இருப்பதால் மேட்டில் இடிக்க அதிகம் எதுவும் இல்லை. மோரிஸுக்கு இன்ஜின் முன்னால், இழுவை பின்னால், காலியாகப் போனால் பின்சக்கரம் வெறுமனே சுற்றும். பெரிய கிராணி ஒருவர் மழைக்காலம் முழுக்க காடியின் பின்பெட்டியில் ஒரு மூட்டை கட்டிப்பாலை (உறைந்து கட்டியான ரப்பர் பால்) போட்டே ஓட்டுவாராம். எடைக்கு நல்ல யோசனைதான். கட்டிப்பாலின் நாற்றம் தெரிந்தவர்கள் அவர் மனைவியின் நிலையை யோசித்துக்கொள்ளவும்.

மற்றதெல்லாம் சில்லறை. பெட்ரோல் செலவு கிட்டத்தட்ட சமம், மோரிஸ் ஒரு விரற்கடை சிக்கனம். டாங்க் மோரிஸில் 30 லிட்டருக்குச் சற்றுக் குறைவு, வோக்ஸில் 40, அதனால் கோலாலம்பூர் போய்த் திரும்ப வோக்ஸில் ஒரு முறை நிரப்பினால் போதும், மோரிஸில் மனம் அடித்துக்கொள்ளும். சாலை வரி சிசி கணக்கில்: மோரிஸ் 1,200-க்குள் என்பதால் 55 வெள்ளி, வோக்ஸ் 1300-க்கு 70. பழைய 948 சிசி மோரிஸ் வைத்திருப்பவர் 20 வெள்ளியோடு தப்பிப்பார், ஆனால் 37 குதிரையோடு மலை ஏறுவார். வோக்ஸில் கண்ணாடி கழுவும் தண்ணீரை மாற்று டயரின் காற்று தள்ளுகிறது. ஜெர்மன்காரர்களின் சிக்கனம் எங்கள் பாட்டியையே மிஞ்சும்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அக்காள் மகன் இரண்டில் ஒன்று வாங்கப் போகிறானாம், எது என்று கேட்கிறான். வாரம் தோறும் நெடுஞ்சாலையில் ஊருக்கு வருவதாக இருந்தால் வோக்ஸ் வாங்கு என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டி மகிழ மட்டும் என்றால் மோரிஸ், அதுவும் 1098. ஓட்டும் சுகத்தில் மோரிஸுக்கு ஈடு வோக்ஸ் இல்லை. இதை ஆசிரியர் ஐயா படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மோரிஸ் என்றால் முன்சக்கரத்தின் கீழ்ப்பக்க டிரனியனுக்கு (சக்கரத்தைத் தாங்கித் திரும்ப விடும் மூட்டு) கிரீஸ் போன வரலாறு உண்டா என்று கேட்க வேண்டும். கிரீஸ் காணாத டிரனியன் தேய்ந்து கழன்றால் சக்கரம் மடிந்து காடி மூக்கால் உட்காரும். ஈயமில்லாப் பெட்ரோலுக்கு ஏற்றபடி சிலிண்டர் தலையில் கெட்டி வால்வு இருக்கை போட்டிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். எஸ்.யு. பெட்ரோல் மின்பம்ப் டிக்டிக் என்று அடிக்காவிட்டால் ஸ்பேனர் பிடியால் ஒரு தட்டு, பெரும்பாலும் எழுந்துகொள்ளும். உதிரிபாகத்துக்குப் பயமில்லை, அதே இன்ஜின் குடும்பம் மினியில் 2000 வரை ஓடியது.

வோக்ஸ் என்றால் பின் இருக்கையைத் தூக்கிப் பார்க்காமல் பேரம் பேசக் கூடாது. பேட்டரி அங்கேதான். அமிலம் சிந்தி அடித்தகடு துருப்பிடித்திருந்தால் அங்கே தெரியும். வாங்கியான பிறகு முதல் வேலை, பாலிஷும் சீட் கவரும் இல்லை, பெட்ரோல் குழாய். இந்த வெயிலில் ரப்பர் வெடித்துவிடும், அதிலிருந்து சொட்டும் பெட்ரோல் விழும் இடத்தில்தான் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது. கிளிப்போடு சேர்த்து முழுக்க மாற்றிவிட்டு அப்புறம் ஊருக்கு ஓட்டி வா என்று சொல்லியிருக்கிறேன்.